மழைக்குப் பிறகு செம்மறிகள் நொண்டுகின்றன: சேற்றுப்புண்தானா, வேறு ஏதாவதா?

தோவாளை_செம்மறி

எல்லாருக்கும் வணக்கம். தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழி போகிற வழியில் செம்மறி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கீழக்கரிசல், கொஞ்சம் பொட்டு ஆடு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பட்டி சேறாகக் கிடக்கிறது. இப்போது ஏழு ஆடு நொண்டுகிறது. இரண்டு, முன்னங்காலை மடித்து முட்டிபோட்டபடியே மேய்கின்றன. கிடா ஒன்று மேய்ச்சலுக்கே வராமல் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறது.

பக்கத்து ஊரில் ஊசி போடுகிறவர் ஒருவர் வந்தார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மழைக்கு வர்ற சேத்துப்புண்ணுதான்" என்று சொல்லி, தலைக்கு ஒன்றாக எல்லாவற்றுக்கும் பின்தொடையில் ஊசி போட்டுவிட்டுப் போனார். ஒன்றும் குறையவில்லை. போதாக்குறைக்கு, முன்னங்கால் மட்டும் நொண்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டை இப்போது பின்னங்காலையும் இழுக்கிறது. அடுத்து என்ன செய்யலாம்? மற்ற ஆடுகளுக்கும் தொற்றுமா?

ஆரல்_காத்து

சேற்றுப்புண்தான் மக்கா, பயப்படாதே. துருசைத் தண்ணீரில் கரைத்துக் காலை முக்கு, நாலு நாளில் ஓடும். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து அதுதான் வைத்தியம்.

கிடைக்காரர்

நான் திருநெல்வேலிப் பக்கம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஆடுகள் உரத்துக்காகப் பூதப்பாண்டி, தேரூர் வயல்களில் கிடை கிடக்கும். அதனால் உங்கள் ஊர் ஈரம் எனக்குப் புதிதில்லை.

தம்பி, அந்தக் கிடாவை முதலில் தனியாகக் கட்டுங்கள். கால் மட்டும் வலிக்கிற ஆடு முட்டிபோட்டாவது மேயும். மேய்ச்சலையே விட்டுவிட்டது என்றால் உடம்புக்குள் வேறு ஏதோ இருக்கிறது. அதையும் மற்ற ஆறையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

கிடைக்காரர் சொன்னதுதான் சரி. நொண்டல் ஓர் அறிகுறி, அவ்வளவுதான். முள் குத்தினாலும் நொண்டும், கோமாரி என்கிற காணை வந்தாலும் நொண்டும், மூட்டில் சீழ் கட்டினாலும் நொண்டும். காலைத் தூக்கிப் பார்க்காமல் போடுகிற ஊசி யாருக்குப் போட்டது என்றே எனக்குப் புரியவில்லை.

செம்மறியின் காலைப் பார்க்க அதை உட்காரவைப்பது எளிது. ஆட்டின் இடப்பக்கம் நில்லுங்கள். ஒரு கையால் தாடையைப் பிடித்து, தலையை அதன் வலது விலாவை நோக்கித் திருப்புங்கள். மறுகையால் இடுப்பை உங்கள் பக்கம் இழுங்கள். ஆடு தானாகப் புட்டத்தில் உட்காரும். முதுகை உங்கள் கால்களில் சாய்த்துக்கொண்டால் அதிகம் துள்ளாது. நிறைசினை ஆட்டை மட்டும் இப்படி உட்காரவைக்க வேண்டாம். நிற்கவைத்தே ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டு, குளம்பு இரண்டுக்கும் நடுவே உள்ள தோல், குதிப்பக்கம், அடிப்பாகம், குளம்பு தொடங்குகிற மேல் ஓரம், அதற்கு மேலே மூட்டு என்று வரிசையாகப் பாருங்கள். மோந்தும் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம் வாயைத் திறந்து நாக்கு, ஈறு, மேல் அண்ணம். கடைசியாகக் காய்ச்சல். மெடிக்கலில் விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். செம்மறிக்கு 102 முதல் 103.5 டிகிரி வரை இயல்பு. வெயிலில் நடந்துவந்த ஆட்டுக்குக் கூடுதலாகத்தான் காட்டும், அதனால் விடியற்காலையில் பட்டியிலேயே பாருங்கள்.

இன்னொன்று: சமீபத்தில் சந்தையில் ஏதாவது ஆடு பிடித்தீர்களா?

தோவாளை_செம்மறி

டாக்டர் சார், மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்று காலை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

மூன்று ஆட்டுக்குக் குளம்பு இடுக்கில் தோல் சிவந்து, மேலே ஊறிப்போன மாதிரி வெள்ளையாக இருக்கிறது. நாற்றம் பெரிதாக இல்லை. முட்டிபோட்டு மேய்கிற இரண்டும்தான் மோசம். குதிப்பக்கத்தில் குளம்பு ஓடு சதையை விட்டுக் கழன்றிருக்கிறது. தென்னை ஈர்க்கை விட்டால் உள்ளே போகிறது. உள்ளே சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பு. அந்த நாற்றம் இருக்கிறதே, இரண்டு தடவை சோப்புப் போட்டும் மதியச் சாப்பாடு வரைக்கும் கையை விட்டுப் போகவில்லை.

பின்னங்காலை இழுக்கிற பெட்டையின் முன்னங்குளம்பில் முள் ஒடிந்திருந்தது, வேலிக்கருவை. இடுக்கியால் பிடுங்கியதும் கொஞ்சம் சீழ் வந்தது.

கிடாவுக்குக் காய்ச்சல் 105.8. குளம்பு இடுக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் குளம்பும் தோலும் சேருகிற இடத்தில் முடியை விலக்கிப் பார்த்தால், சுற்றிலும் செந்நீலமாக ஒரு கோடு. நாலு காலிலும் இருக்கிறது. விரல் பட்டாலே காலை உதறுகிறது. உதடு தடித்து, மூக்கில் சளி காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. நாக்கு நீலமாக இல்லை, சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஆமாம், புரட்டாசியில் மேலப்பாளையம் சந்தையில் நாலு பெட்டை பிடித்தேன். முட்டிபோடுகிற இரண்டும் அதில் உள்ளவைதான்.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். பட்டியில் ஒன்றல்ல, நாலு சங்கதி இருக்கிறது.

முதலில் கிடா, அதுதான் அவசரம். நான் நேரில் பார்க்காததால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காலத்தில் செம்மறிக்கு இவ்வளவு காய்ச்சல், உதடு வீக்கம், மூக்குப் பொருக்கு, நாலு காலிலும் குளம்பு ஓரச் சிவப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் நீலநாக்கு நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெயரை நம்பி நாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நாக்கு நீலமாவது எல்லா ஆட்டிலும் வராது. இது வைரஸ் நோய். கொசுவைவிடச் சிறிய கியூலிக்காய்ட்ஸ் என்கிற பொடிப்பூச்சி கடித்துத்தான் பரவும், ஆட்டுக்கு ஆடு ஒட்டிக்கொள்ளாது. ஈரச் சாணியிலும் சேற்றிலும் அந்தப் பூச்சி பெருகுவதால்தான் வடகிழக்கு மழையோடு சேர்ந்து வருகிறது. மனிதருக்கு வராது. வெள்ளாட்டைவிடச் செம்மறியைத்தான் கடுமையாகத் தாக்கும்.

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. கவனிப்புதான் காப்பாற்றும். நிழலில், காய்ந்த மெத்தான தரையில் கட்டுங்கள். மேய ஓட்டாதீர்கள். வாய் வலிக்கும், கடினமான தட்டையைத் தொடாது. இளம்புல்லும் ஆறின கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இளஞ்சிவப்பு நிறம் வருகிற அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரால் வாயைக் கழுவிவிடலாம். மேலே கிருமி ஏறாமல் இருக்க ஆன்டிபயாட்டிக், வலிக்கு மெலாக்சிகாம், இரண்டும் டாக்டர் பார்த்துப் போட வேண்டியவை. 1962 எண்ணுக்குக் கூப்பிட்டு நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை வரவழையுங்கள். இரத்த மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காணையும் இதே மாதிரி நொண்டவைக்கும் என்பதால் உறுதிப்படுத்துவது முக்கியம்.

காணைக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்பீர்கள். காணையில் குளம்பு இடுக்கிலும் ஓரத்திலும் கொப்புளம் வந்து உடையும். ஒன்றிரண்டு நாளில் பாதிப் பட்டி நொண்டும். பக்கத்தில் மாடுகளுக்கும் எச்சில் ஒழுகும். செம்மறிக்கு வாய்ப்புண் லேசாகத்தான் இருக்கும், நொண்டல்தான் முதலில் தெரியும். பால்குட்டிகள் ஒரு அறிகுறியும் இல்லாமல் திடீரென்று சாகும்.

அடுத்து, ஈர்க்கு உள்ளே போகிற இரண்டும் சரியான குளம்பு அழுகல். வெள்ளையாக ஊறின மூன்றும் அதன் முதல் கட்டம், அல்லது வெறும் ஈரப்புண். முள் எடுத்த பெட்டைக்கு அந்தக் காலைக் கழுவி டிங்சர் வைத்தாலே போதும். அதன் பின்னங்கால் இழுப்பு நோயே இல்லை, பெரும்பாலும் ஊசி நரம்பில் பட்டது. பின்தொடையில் பெரிய நரம்பு ஓடுகிறது, செம்மறிக்கு அங்கே சதையும் குறைவு. ஆட்டுக்கு ஊசி என்றால் கழுத்துச் சதைதான். பாதம் மடங்கித் தரையில் தேயாமல் துணி சுற்றி, வைக்கோல் மேல் வையுங்கள். வாரக்கணக்கில் மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

ஆரல்_காத்து

சார், நாலு சங்கதி என்று சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் குளம்பு அழுகலுக்கு நான் சொன்ன துருசு சரிதானே?

ஓய்வு_கால்நடை_டாக்டர்

துருசு வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தாமிர உப்பு, செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. மாடும் வெள்ளாடும் தாங்குகிற அளவைச் செம்மறி தாங்காது. உள்ளே போனது எல்லாம் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஈரல் மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். அப்போது கண் மஞ்சளாகி, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பிழைக்காது. தாகத்தோடு வந்த ஆடு தொட்டித் தண்ணீரை ரெண்டு வாய் குடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? மாட்டுக்கு விற்கிற தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

இதைச் சொல்லும்போதே குலசேகரம், அருமனைப் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. தென்மேற்கு மழைக்கு முன்னால் ரப்பருக்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். அடித்த தோட்டத்தில் அடியில் கிடக்கிற புல்லில் செம்மறியை உடனே இறக்காதீர்கள்.

துருசுக்குப் பதில் ஜிங்க் சல்பேட். நெல்லுக்கு உரக்கடையில் வாங்குகிறோமே, அதே பொருள்தான். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. குளம்பு முழுக்க முங்குகிற ஆழம் இருந்தால் போதும். தொட்டிக்கு முன்னால் ஆடுகளுக்கு நல்ல தண்ணீர் காட்டிவிடுங்கள். காலில் சேறு இருந்தால் முதலில் கழுவுங்கள், சேற்றுக்கு மேல் மருந்து பிடிக்காது. ஈரப்புண்ணுக்கு ஐந்து நிமிடம், அழுகலுக்குக் குறைந்தது 10 நிமிடம் நிற்க வேண்டும். வெளியே வந்ததும் ஒரு மணி நேரமாவது காய்ந்த தரையில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் திரும்பச் சேற்றில் விடுவதற்குத் தொட்டியே கட்ட வேண்டாம். வாரம் ஒரு தடவை, மழை தீரும் வரை.

கழன்ற குளம்பு உள்ள இரண்டுக்கும் தொட்டி மட்டும் போதாது. கிருமி ஓட்டுக்கு உள்ளே இருக்கிறது. நீண்ட நாள் வேலை செய்கிற ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி வேண்டும். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 10 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது வழக்கமான அளவு. போடுகிறவர் ஆட்டைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். போட்ட ஆட்டைக் கறிக்கு விற்பதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று புட்டியில் இருக்கும், அதைப் படியுங்கள்.

மார்த்தாண்டம்_பண்ணை

துருசு விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். நன்றி சார்.

ஒரு சந்தேகம். குளம்பு அழுகலுக்கு ஓட்டை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு மருந்து வைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். கிடைக்காரர் அண்ணாச்சி, நீங்கள் எப்படி?

கிடைக்காரர்

நாங்கள் இரத்தம் எட்டிப்பார்க்கும் வரை சீவுவோம். அப்புறம் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டுவோம். ஈ மொய்க்காது. பாட்டன் காலத்திலிருந்து அதுதான். சிலது சீக்கிரம் நடக்கும், சிலது மாதக்கணக்கில் கிந்தும்.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

அந்தக் கிந்துகிறவைக்குச் சீவினதுதான் காரணமாக இருக்கலாம் அண்ணாச்சி. நாங்களும் கல்லூரியில் சீவத்தான் படித்தோம். இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மறிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீவாமல் ஊசியும் மேல்மருந்தும், இன்னொன்றுக்குச் சீவி மேல்மருந்து, என்றெல்லாம் பார்த்தார்கள். 2010இல் வெளியானது. சீவாமல் ஊசி போட்டவை வேகமாக நடந்தன, சீவினவை தாமதமாயின. வெட்டின சதையில் கட்டியும் வளரும், அது நிரந்தர நொண்டி. சீவுகிற கத்தி அடுத்த ஆட்டுக்குக் கிருமியையும் கொண்டுபோகும்.

ஆக, அழுகல் இருக்கும்போது கத்தி வேண்டாம். ஆறி, நடை சரியான பிறகு, நீண்டு வளைந்த ஓரத்தை மட்டும் வெட்டலாம். இரத்தம் வந்தால் அதிகம் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கிடைக்காரர்

இங்கிலாந்துப் புல்வெளியும் எங்கள் கரிசலும் ஒன்றா என்று தெரியவில்லை சார். கரிசல் மண் ஓட்டுக்குள் கட்டியாகப் பிடித்தால் நோண்டி எடுக்காமல் எப்படி விடுவது? ஆனால் இரத்தம் வரச் சீவுவதை விட்டுப் பார்க்கிறேன். வேப்பெண்ணெயை விட மாட்டேன்.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

மண்ணை எடுங்கள், கல்லை எடுங்கள், தாராளமாக. சதையை விட்டுவிடுங்கள். வேப்பெண்ணெயோடு எனக்குச் சண்டை இல்லை. தஞ்சாவூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக மூலிகை மையம் காணைக் கால்புண்ணுக்குச் சொல்கிற எண்ணெயிலும் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், மருதாணி, துளசி எல்லாம் உண்டு. புழு வைத்துவிட்டால் முதல்நாள் சீத்தாப்பழ இலை விழுது, அல்லது தேங்காய் எண்ணெயில் கற்பூரம். ஓட்டுக்கு அடியில் இருக்கிற கிருமியை மட்டும் எண்ணெய் எட்டாது.

நாகர்கோவில்_நண்பன்

வலிக்கு மனுஷருக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் போடலாமா? வீட்டில் இருக்கிறது.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

கூடாது. 2006 முதல் கால்நடைக்கு அதற்குத் தடை. அந்த மருந்து போட்டுச் செத்த மாட்டைத் தின்று பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மெலாக்சிகாம் இருக்கும்போது அது எதற்கு?

அருமனை_அக்கா

ரப்பர் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்களுக்கு வெள்ளாடுதான் அதிகம், கூட ரெண்டு செம்மறியும் நிற்கிறது. பிலா இலைதான் வழக்கமான குழை. போன மாதம் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பிடுங்கின அன்று தண்டையும் இலையையும் மூலையில் குவித்துவைத்திருந்தார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஒரு ஆடு தின்றிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி, கால் வெட்டி வெட்டி இழுத்து, டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. வாய்க்குள் நல்ல சிவப்பாக இருந்தது. பாம்பு கடித்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

உங்கள் சந்தேகம் நியாயமானது அக்கா. மரச்சீனி இலையிலும் தோலிலும் சயனைடாக மாறுகிற பொருள் இருக்கிறது. அந்த நல்ல சிவப்புதான் அடையாளம். இரத்தத்தில் பிராணவாயு இருக்கும், உடம்பால் அதை எடுக்க முடியாது. ரப்பர் இலையிலும் ரப்பர் கொட்டையிலும் இதே பொருள்தான். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் இரண்டையும் இரத்தக்குழாயில் ஏற்றினால் பிழைக்கும், ஆனால் நிமிடக் கணக்கில் ஏற்ற வேண்டும். நம் ஊர்த் தூரத்துக்கு அது எப்போதும் நடக்காது. ஆகவே மரச்சீனி பிடுங்குகிற நாளில் ஆட்டைக் கட்டிப்போடுவதுதான் மருந்து. இலையைப் பொடியாக நறுக்கி ரெண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் விஷம் பெருமளவு போய்விடும். அப்போதும் வேறு தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள்.

தெங்கம்புதூர்_காரன்

இழை திசை மாறினாலும் பரவாயில்லை, என் கேள்வியையும் போட்டுவிடுகிறேன். எங்கள் செம்மறிகளுக்குக் கால் நன்றாக இருக்கிறது. ஆனால் ரெண்டு பெட்டைக்கு மாலையில் தாடைக்கு அடியில் பை மாதிரி வீங்குகிறது, காலையில் வற்றிவிடுகிறது. மெலிந்துகொண்டே வருகின்றன. குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும்தான் மேய்ச்சல்.

மார்த்தாண்டம்_பண்ணை

குடற்புழு. கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை, வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கிற புழு. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும் என்று கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. சின்ன ஆட்டுக்கு எங்கே இருக்கிறது அவ்வளவு இரத்தம்? நான் எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இமை வெளுத்ததற்கு மட்டும்தான். இந்த இமை பார்க்கும் முறை தென்னாப்பிரிக்காவில் வந்தது, அதற்கென வண்ண அட்டையே உண்டு.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

நல்ல பழக்கம். எல்லாவற்றுக்கும் அடிக்கடி ஒரே மருந்து கொடுத்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஆனால் தெங்கம்புதூர்க்காரர் குளத்தங்கரை என்கிறார். அங்கே நத்தை இருக்கும், நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழுவும், குடலைக் குடைகிற ஆம்பிஸ்டோம் என்கிற புழுவின் இளம்பருவமும் வரும். அவற்றாலும் தாடை வீங்கும். நாறுகிற கழிச்சல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அல்பெண்டசோல் இளம் ஆம்பிஸ்டோமை ஒன்றும் செய்யாது, ஆக்ஸிக்ளோசனைடு வேண்டும். சாணியை ஒரு டப்பாவில் போட்டு மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு மருந்து வாங்குங்கள். இளம் ஆம்பிஸ்டோம் முட்டையிடாது, அதனால் சாணியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் கழிச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் குளத்தங்கரை மேய்ச்சலைச் சொல்லுங்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்காதீர்கள்.

மருந்து ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். கண்ணும் மூக்கும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். வாயோரமாக, நாக்குக்குப் பின்னால் மெதுவாக. இருமினால் உடனே விடுங்கள். நுரையீரலுக்குள் ஊற்றிய மருந்தால் செத்த ஆடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாமே நல்ல மருந்துதான்.

கிடைக்காரர்

மழை முடிந்து தளதளவென்று புல் வரும்போது கொழுத்த குட்டியாகப் பார்த்து விடியும்முன் செத்துக் கிடக்குமே, அதையும் சொல்லிவிடுங்கள் சார். புதுசா ஆடு வைப்பவர்கள் செய்வினை என்று நினைக்கிறார்கள்.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

துள்ளுமாரி. திடீர் இளம்புல்லோ தானியமோ சாப்பிட்டதும் குடலில் இருக்கிற கிருமி விஷம் கக்கும். வைத்தியத்துக்கு நேரம் தராது, மழைக்கு முன் தடுப்பூசி ஒன்றுதான் வழி. முதல் தடவை போடுகிறவர்கள் டாக்டர் சொன்ன இடைவெளியில் இரண்டாவதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வந்தால் கிழிக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், கறிக்கும் கொடுக்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதரையும் கொல்லும். உடனே தகவல் சொல்லுங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சலும் சளியுமாகப் பட்டியையே காலி செய்யும். இந்தியாவில் அது முதலில் 1987இல் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான், அரசூரில். அங்கே எடுத்த வைரஸிலிருந்தே ஒரு தடுப்பூசியும் செய்தார்கள்.

தோவாளை_செம்மறி

தாமதத்துக்கு மன்னிக்கவும். 1962 வண்டி வந்தது. டாக்டரம்மாவும் நீலநாக்கு என்றுதான் சந்தேகப்படுகிறார், இரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். பட்டி முழுக்கக் காய்ச்சல் பார்த்ததில் இன்னும் ஒரு பெட்டைக்கு 105 இருந்தது. அது நொண்டவே இல்லை, பார்த்திருக்காவிட்டால் தெரிந்திருக்காது. அதையும் கிடாவோடு கட்டியாயிற்று.

கிடா நேற்றிலிருந்து தானாகக் கஞ்சி குடிக்கிறது. கழுத்து லேசாக ஒருபக்கம் திரும்பியே இருக்கிறது, அது சரியாகுமா தெரியவில்லை. ஊசிக்கால் பெட்டை அப்படியேதான் இழுக்கிறது. ஈரப்புண் மூன்றும் ஜிங்க் தொட்டியில் ரெண்டாவது முறை நிறுத்தினதும் நன்றாகவே நடக்கின்றன. அழுகல் இரண்டும் ஊசிக்குப் பிறகு முட்டிபோடுவதை விட்டுவிட்டன. பட்டியை மேட்டுக்கு மாற்றி, செங்கல் சூளையில் கிடைத்த உடைசல் கொட்டியிருக்கிறேன். சாயங்காலம் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை.

நீலநாக்குக்குத் தடுப்பூசி இப்போது போடலாமா?

ஓய்வு_கால்நடை_டாக்டர்

காய்ச்சல் இருக்கிற ஆட்டுக்கு வேண்டாம். மற்றவற்றுக்கு இப்போதா, மழை தீர்ந்த பிறகா என்பதை வந்த டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த வருஷம் ஆடி, ஆவணியிலேயே கேட்டு வையுங்கள். இங்கே கிடைக்கிறது ஐந்து வகை வைரஸுக்கான ஊசி. அந்த நோய்க்கு வகைகள் இருபதுக்கும் மேல். ஆகவே ஊசி போட்டாலும் புகையை நிறுத்த வேண்டாம்.

கழுத்துத் திரும்பியது பல ஆட்டில் மெல்ல நிமிரும். தீவனத் தொட்டியை அதன் வாய் எட்டுகிற பக்கம் வையுங்கள்.

தோவாளை_செம்மறி

சரி சார். கடைசியாக ஒன்று. சந்தையிலிருந்து கொண்டுவருகிற ஆட்டை எத்தனை நாள் தனியாக வைப்பது?

ஓய்வு_கால்நடை_டாக்டர்

மூன்று வாரத்துக்குக் குறையாமல். வந்த அன்றே நாலு காலையும் திருப்பிப் பார்த்து, ஜிங்க் தொட்டியில் நிறுத்துங்கள். ஆட்டை விட்டுப் பிரிந்தால் குளம்பு அழுகல் கிருமி மண்ணில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். அதனால் பழைய பட்டியை ஒரு மாதம் காயப்போட்டுவிட்டுத் திரும்பப் போகலாம். இத்தனைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப நொண்டுகிற ஆடு இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள், அதுதான் மற்றவற்றுக்கு ஊற்று.

கிடைக்காரர்

தம்பி, மாசியில் உங்கள் பக்கம்தான் வருகிறோம். கும்பப்பூ அறுத்த வயலில் கிடைக்கு ஆள் கேட்டால் சொல்லுங்கள். எங்கள் ஆட்டின் காலை நீங்களே திருப்பிப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லலாம்.

ஆரல்_காத்து

அந்த ஜிங்க் எந்தக் கடையில் வாங்கினாய் மக்கா? எனக்கும் ஒரு மூட்டை வேண்டும்.